மண்ணுக்குள் பூச்சி எண்ணுவது: இயற்கை வயலும் ரசாயன வயலும்

வரப்பு ஒன்றுதான். இந்தப் பக்கம் ஐந்து வருடமாக உப்பு உரமும் மருந்தும் போடாத நிலக்கடலைக் கொல்லை. அந்தப் பக்கம் டிஏபி, யூரியா, குருணை மருந்து எல்லாம் போகும் கொல்லை. இரண்டிலும் ஒரு முழம் தோண்டிப் பார்த்தால் எந்தப் பக்கம் உயிர் அதிகமிருக்கும்? "இது கூடத் தெரியாதா" என்று பதில் உடனே வரும். பெரும்பாலும் அந்தப் பதில் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஏன் சரி, எங்கே தப்பும் என்று கேட்டால் அவ்வளவு வேகமாகப் பதில் வராது. இந்தப் பதிவு அந்த இரண்டு கேள்விகளைப் பற்றியது. கடைசிப் பகுதியில், வீட்டில் கிடக்கும் பொருட்களை வைத்து உங்கள் வயலில் நீங்களே எண்ணிப் பார்க்கும் முறையும் இருக்கிறது.

முதலில் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். மண்புழுவுக்கு ஊரெல்லாம் ரசிகர்கள் இருப்பதால் அதை ஓரமாக வைப்போம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், ஒரு மில்லிமீட்டர் அளவில், தொட்டால் வாலைத் தட்டித் துள்ளும் வெளுத்த பூச்சிகள் உண்டு. அறிவியலில் கொலம்போலா என்பார்கள். மக்கும் இலையையும் அதில் படரும் பூஞ்சையையும் மேய்பவை. கூடவே அதே அளவில் எட்டுக்கால் மைட்டுகள். நல்ல மண்ணில் ஒரு சதுர மீட்டருக்குள் இவை பல்லாயிரக்கணக்கில் இருக்கும். அடுத்த அளவில் தரைவண்டு, அதன் புழு, எறும்பு, கரையான், சாணி வண்டு, பிள்ளைப்பூச்சி, பூரான், மரவட்டை. மின்மினியையும் சேர்க்க வேண்டும். அதன் புழுப் பருவம் தரையில் நத்தையைத் தின்றே வளர்கிறது. ரோவ் வண்டு என்றொரு இனம். சிறகு பாதி உடம்பை மட்டுமே மூடும், எறும்பைப் போல ஓடும். கறுப்பும் ஆரஞ்சுமாக, விளக்குக்கு வந்து, தோலில் நசுங்கினால் கொப்புளம் போடும் "ஆசிட் பூச்சி" இந்தக் குடும்பம்தான். நம்மிடம் கெட்ட பெயர் வாங்கியிருந்தாலும் நெல் வயலில் அது தத்துப்பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் வேட்டைக்காரன்.

பகைவர்களும் அதே மண்ணில்தான். வேர்ப்புழு, வெட்டுப்புழு, சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழு எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. அதனால் "மண்ணில் பூச்சி கூடியது" என்பது தனியாக நல்ல செய்தியும் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை. எந்தப் பூச்சி கூடியது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு முறைகளையும் நேர்மையாக ஒப்பிட்ட சோதனை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், சுவிட்சர்லாந்தில் பாசெல் நகருக்குப் பக்கத்தில் தெர்வில் என்ற ஊரில் 1978-இல் தொடங்கிய டாக் சோதனையைத்தான் காட்டுவேன். இயற்கை வேளாண்மையில் ஒரு வகையான உயிராற்றல் (பயோடைனமிக்) முறை, சாதாரண இயற்கை முறை, வழக்கமான ரசாயன முறை மூன்றும் அங்கே பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் நடக்கின்றன. பயிர்ச் சுழற்சி எல்லாவற்றுக்கும் ஒன்று, உழவும் ஒன்று. மாறுவது உரமும் பயிர்ப் பாதுகாப்பும் மட்டும். 21 ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. இயற்கைப் பாத்திகளில் விளைச்சல் சராசரியாக 20 சதவீதம் குறைவு. மண்புழு எண்ணிக்கையும் எடையும் 1.3 முதல் 3.2 மடங்கு வரை அதிகம். தரைவண்டு, ரோவ் வண்டு, சிலந்தி மூன்றின் நடமாட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உழவு ஒன்றாகவே இருந்ததால் இந்த வேறுபாட்டை உரத்தின் மீதும் மருந்தின் மீதும் தைரியமாக ஏற்றலாம்.

ஆனால் ஒரே ஊர்ச் சோதனையை உலகத்துக்கே பொருத்தக் கூடாது. இப்படிப்பட்ட பல ஆய்வுகளைச் சேர்த்து 2005-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். இயற்கைப் பண்ணைகளில் உயிரின வகைகள் சராசரியாக 30 சதவீதம் கூடுதல், எண்ணிக்கை 50 சதவீதம் கூடுதல் என்று வந்தது. வேட்டையாடும் பூச்சிகள், மண்ணுயிர்கள், பறவைகள், செடிகள் கூடின. பயிரைத் தின்னும் பூச்சிகள் கூடவில்லை. கூடவே, வகை எண்ணிக்கையை அளந்த ஆய்வுகளில் 16 சதவீதம் நேர் எதிராக, இயற்கைப் பண்ணையில் குறைவு என்றே காட்டியிருந்தன. அந்த 16 சதவீதத்தைப் பற்றி நம் இயற்கை விவசாயக் கூட்டங்களில் யாரும் வாய் திறப்பதில்லை. நாம் திறப்போம், கொஞ்சம் பொறுங்கள்.

நஞ்சு எப்படி இறங்குகிறது

இலையில் அடிக்கும் மருந்து மண்ணுக்கு வருவதை விட, நேராக மண்ணிலேயே இடும் மருந்துதான் பெரிய அடி. வேர்ப்புழுவுக்கும் நூற்புழுவுக்கும் என்று பல ஆண்டுகள் கொட்டிய போரேட் குருணை இதற்கு எடுத்துக்காட்டு. இந்திய அரசின் 2018 ஆணைப்படி 2020 டிசம்பர் 31 முதல் அது தடை. குருணை சாலில் விழுந்து ஈரத்தில் கரையும்போது வேர்ப்புழு, தரைவண்டுப் புழு, மைட்டு என்று ஆள் பார்த்துப் போவதில்லை.

அதைவிடச் சத்தமில்லாமல் நடப்பது விதை நேர்த்தி. இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் போன்ற பூச்சிக்கொல்லிகளை விதையில் பூசினால் மருந்து செடிக்குள்தான் போகிறது, மண் தப்பித்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் பூசியதில் செடி எடுத்துக்கொள்வது சுமார் 2 முதல் 20 சதவீதம்தான். மீதி மண்ணிலும் நீரிலும் தங்குகிறது. மண் வகையைப் பொறுத்து அது சில வாரங்களில் சிதையலாம், சில ஆண்டுகளும் நிற்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இந்த வகையில் மூன்று மருந்துகளைத் திறந்தவெளிப் பயிர்களில் தடை செய்தது தேனீக்களுக்காக. மண்ணில் வாழும் பூச்சிகளுக்காக யாரும் கொடி பிடிக்கவில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சோயா வயலில் நடந்ததைப் பாருங்கள். 2015-இல் வெளிவந்த ஆய்வு. தயாமீதாக்சம் பூசிய விதையிலிருந்து வந்த நாற்றை ஓடில்லா நத்தைகள் தின்றன. நத்தை பூச்சியினம் இல்லை, அந்த மருந்து அதற்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அதன் உடம்பில் மருந்து சேர்ந்தது. அந்த நத்தையைத் தின்ற தரைவண்டுகள் கைகால் இழுத்துக்கொண்டு விழுந்தன. வண்டு குறைந்ததும் நத்தை பெருகியது. மருந்து பூசிய வயலில் செடி எண்ணிக்கை 19 சதவீதமும் விளைச்சல் 5 சதவீதமும் குறைந்தன. காசு கொடுத்து மருந்து வாங்கி, அதனாலேயே விளைச்சலை இழந்த கணக்கு இது.

இது எங்கோ ஒரு வயலின் கதை மட்டும் இல்லை. மண்ணில் வாழும் முதுகெலும்பில்லா உயிர்கள் மீது பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லிகள் செய்யும் வேலையைப் பற்றி 394 ஆய்வுகளை 2021-இல் தொகுத்தார்கள். சோதித்த அளவீடுகளில் 70.5 சதவீதத்தில் பாதிப்பு தெரிந்தது. எல்லா முறையும் சாவு என்று பொருள் இல்லை. முட்டை குறைவது, வளர்ச்சி நிற்பது, நடை தடுமாறுவது எல்லாம் அதில் சேர்ந்தவை.

உப்பு உரத்தின் கதை வேறு. யூரியா போட்டவுடன் பூச்சி எல்லாம் செத்துவிடும் என்பது மிகை. உரம் போட்டால் பயிர் செழிக்கும், வேரும் தட்டையும் கூடும், அது மண்ணுக்குத் திரும்பினால் மக்கும் பொருளைத் தின்னும் உயிர்களுக்கு உணவும் கூடும். பிரச்சினை இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, தட்டையை வெளியே எடுத்தோ எரித்தோ விட்டு உரத்தை மட்டும் தொடர்ந்து போடுவது. அப்போது பயிர் சாப்பிடுகிறது, மண் பட்டினி கிடக்கிறது. இன்னொன்று, அம்மோனிய உரங்கள் மெல்ல மெல்ல மண்ணைப் புளிக்க வைப்பது, அதாவது அமிலமாக்குவது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1856 முதல் நடக்கும் பார்க் கிராஸ் புல்வெளிச் சோதனையில், அம்மோனியம் சல்பேட் மட்டும் போட்டுச் சுண்ணாம்பு போடாத பாத்திகளில் மண்புழு ஒழிந்து, மக்காத புல் ஒரு பாய்போலத் தரைமேல் கிடக்கிறது. நம் சுண்ணாம்பு கலந்த கரிசலில் அந்த அளவுக்குப் புளிப்பு ஏறாது. செம்மண்ணிலும் மலைத் தோட்டங்களிலும் கவனிக்க வேண்டிய விஷயம்.

நெல் வயலில் கணக்கு வேறு

சேற்றுழவு செய்து நீர் கட்டிய வயலில் தரைவண்டைத் தேடினால் கிடைக்காது. அங்கே மண்ணுயிர் என்றால் சேற்றில் மக்கும் பொருளைத் தின்னும் கடிக்காத கொசுவினப் புழுக்கள், நீர்ப்பூச்சிகள். இவற்றால் என்ன லாபம் என்பதை இந்தோனேசியா பெரிய விலை கொடுத்துக் கற்றது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மானிய மருந்தை அள்ளி அடித்த ஜாவா வயல்களை, நெல் தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் என்ற தத்துப்பூச்சி சூறையாடியது. 1986-இல் அதிபர் ஆணை மூலம் நெல்லுக்கு 57 மருந்துகள் தடை செய்யப்பட்டன. மருந்து அடித்தால் புகையான் ஏன் கூடுகிறது என்பதற்கு 1996-இல் ஜாவா வயல்களிலிருந்து வந்த விளக்கம் மிகத் தெளிவானது. தொழு உரமும் தாளும் சேற்றில் மக்கும்போது கொசுவினப் புழுக்கள் பெருகுகின்றன. நட்ட சில வாரங்களில் அவை பறக்கத் தொடங்குகின்றன. சிலந்திகளுக்கு அதுதான் முதல் சாப்பாடு. புகையான் வந்து சேரும் முன்பே சிலந்திப் படை வயிறு நிரம்பிப் பெருகி நிற்கிறது. முதல் மாதத்தில் ஒரு மருந்து அடித்தால் இந்தச் சங்கிலி அறுகிறது. பின்னால் வரும் புகையானுக்குத் தடையில்லாத வயல்.

ஆகவே நெல்லில் நட்ட முதல் 40 நாள் பூச்சிமருந்து கையில் எடுக்கக் கூடாது என்பது இயற்கை விவசாயிக்கு மட்டும் சொல்லும் விதி இல்லை. 1990-களில் வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் யூரியா போடும் விவசாயிகளிடம்தான் அதைப் பரப்பினார்கள். இலைச்சுருட்டுப் புழு தின்ற இளம் பயிர் தானே தேறிக்கொள்ளும் என்பதுதான் அங்கே சொன்ன காரணம்.

இயற்கை விவசாயி செய்யும் தவறுகள்

அந்த 16 சதவீதத்துக்கு வருவோம். இயற்கை வயலிலும் உயிர் குறையும் வழிகள் உண்டு. களைக்கொல்லி இல்லை என்பதால் களையை எடுக்க ரோட்டவேட்டர் மூன்று முறை, நான்கு முறை ஓடுகிறது. அதன் கத்தி சுழலும் 10–15 செ.மீ. ஆழத்தில்தான் மண்ணுயிரில் பெரும்பகுதி வாழ்கிறது. துள்ளும் கொலம்போலா சில வாரங்களில் மீண்டுவிடும், தலைமுறை குறுகியது. தரைவண்டுக்குப் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு தலைமுறைதான். அதன் புழுவை வெட்டிப் போட்டால் அந்த வருடம் போச்சு. உழவில்லாமல் தட்டையை மூடாக்காக விட்டு ஒருமுறை களைக்கொல்லி அடித்த வயல், மருந்தே காணாமல் மாதம் ஒருமுறை ரோட்டவேட்டர் கண்ட வயலை விட மண்புழுவில் முந்தி நிற்பது உண்டு. கேட்கக் கசப்பாக இருந்தாலும் அதுதான் நிலை.

அடுத்தது பச்சைச் சாணம். மக்காத எருவை வண்டி வண்டியாகக் கொட்டுவது வேர்ப்புழுவுக்கும் கரையானுக்கும் விருந்து. தென்னந்தோப்பில் எருக்குழியே காண்டாமிருக வண்டின் தொட்டில். குழியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளறிப் புழு பொறுக்க வேண்டும். மெட்டாரைசியம் என்ற பச்சை மஸ்கார்டைன் பூஞ்சைக் கரைசல் 250 மில்லியை 750 மில்லி தண்ணீரில் கலந்து ஒரு கன மீட்டர் எருவுக்குத் தெளிக்கலாம். எரு ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த எருவில் தெளித்தால் பூஞ்சை பிடிக்காது, பிறகு "பயோ மருந்து வேலை செய்யாது" என்று புகார் வரும்.

ஆனால் எருவில் கிடக்கும் வெள்ளைப் புழுவையெல்லாம் நசுக்கிவிடாதீர்கள். புழுவை எடுத்துச் சமமான தரையில் விடுங்கள். முதுகைக் கீழே வைத்து மல்லாந்தபடியே விறுவிறு என்று ஊர்ந்தால் அது பூவண்டின் புழு. மக்கிய பொருளைத் தின்று எருவாக்குவது, வேரைத் தொடாது. ஆங்கில 'சி' எழுத்துப் போலச் சுருண்டு பக்கவாட்டில் கிடந்தாலோ, வயிற்றுப் பக்கம் ஊர முயன்றாலோ அது வேர்ப்புழுவாகவோ காண்டாமிருக வண்டின் புழுவாகவோ இருக்கும். அரை நிமிடச் சோதனை.

சாணம் எந்த மாட்டிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் ஐவர்மெக்டின் ஊசி போட்ட மாட்டின் சாணத்தில் மருந்து வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். சாணி வண்டின் புழு அதில் பிழைக்காது. ஊசி போட்ட மாட்டின் சாணத்தை அந்த வாரங்களில் தனியே எடுத்து, நன்றாக மக்க வைத்த பிறகுதான் வயலுக்கு விட வேண்டும். எல்லா மாடுகளுக்கும் ஒரே நாளில் ஊசி போடாமல் இருந்தால் தொழுவத்தில் எப்போதும் கொஞ்சம் சுத்தமான சாணம் இருக்கும்.

பூஞ்சாணத்துக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கும் போர்டோ கலவை இயற்கை முறையில் அனுமதிக்கப்பட்டது. ஆனால் தாமிரம் சிதையாது, மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். மண்புழு அதைத் தாங்காது. ஒரு சதவீதக் கலவை ஏக்கருக்கு 400 லிட்டர் என்றால் 4 கிலோ மயில்துத்தம், அதில் சுமார் 1 கிலோ தாமிரம். எக்டேருக்கு 2.5 கிலோ. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு ஏழு ஆண்டுகளுக்கு எக்டேருக்கு 28 கிலோ, அதாவது ஆண்டுக்குச் சராசரி 4 கிலோ. வருடம் இரண்டு முறை முழு அளவு தெளித்தாலே அதைத் தாண்டிவிடுகிறோம். திராட்சையிலும் பாக்கிலும் தெளிப்பவர்கள் கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்வது நல்லது.

கோடை உழவைப் பற்றி எனக்கு முழு உடன்பாடு இல்லை. சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழுவை வெயிலுக்கும் காக்கைக்கும் கொடுக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் கூடவே எல்லாம் போகிறது. டிராக்டர் பின்னால் வரும் கொக்கும் மைனாவும் நல்லது கெட்டது பார்ப்பதில்லை. கம்பளிப்புழு கூட்டுப்புழுவாகத் திரள்வது பெரும்பாலும் வரப்பு ஓரத்திலும் மர நிழலிலும்தான். முந்தைய பருவம் புழு தாக்கியிருந்தால் அந்த இடங்களை மட்டும் கொத்திக் கூடுகளைப் பொறுக்கலாம். மழைக்குப் பிறகு விளக்குப்பொறி வைக்கலாம். தாக்குதலே இல்லாத கொல்லையில் வழக்கத்துக்காகக் கோடை உழவு ஓட்டுவது டீசலுக்குப் பிடித்த கேடு. (மழைநீர் இறங்குவதற்காக உழுகிறோம் என்பவர்களுக்கு: சரிவுக்குக் குறுக்கே இரண்டு மீட்டருக்கு ஒரு சால் போதும்.)

ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா ஊற்றினால் மண்ணுயிர் பெருகும் என்கிறார்கள். நுண்ணுயிருக்கு அது சரியாக இருக்கலாம். பூச்சிக்கு மென்று தின்ன ஏதாவது வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் வெறும் தரையில் ஊற்றுவதை விட, ஒரு வண்டி கரும்புச் சோகையோ சருகோ பரப்பி அதன் மேல் ஊற்றினால் பலன் கண்ணுக்குத் தெரியும்.

எண்ணுவது எப்படி

தரையில் ஓடுபவற்றுக்குக் குழிப்பொறி. 7–8 செ.மீ. வாயும் 10–12 செ.மீ. ஆழமும் உள்ள பிளாஸ்டிக் டம்ளர் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று போட்டுப் புதையுங்கள். வெளி டம்ளர் மண்ணிலேயே இருக்கும், உள் டம்ளரை மட்டும் எடுத்துக் கொட்டலாம். டம்ளரின் விளிம்பு மண் மட்டத்துக்குச் சமமாகவோ ஒரு மயிரிழை கீழேயோ இருக்க வேண்டும். விளிம்பு மேலே துருத்தினால் சிறு வண்டுகள் சுற்றிக்கொண்டு போய்விடும். பத்தில் ஒன்பது பேர் செய்யும் தவறு இது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு, வாசனையில்லாத பாத்திரச் சோப்பு நீர் மூன்று சொட்டு. சோப்பு இல்லாவிட்டால் எறும்பும் வண்டும் நீர்மேல் மிதந்து ஏறிப் போய்விடும். மேலே ஓட்டுத் துண்டு ஒன்றை மூன்று கல்லின் மேல், இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். தவளையும் பல்லியும் விழாமல் இருக்க வாயில் ஒரு சென்டிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலை.

வயலுக்கு எட்டுப் பொறி, பத்து மீட்டர் இடைவெளி. நிலம் இடம் கொடுத்தால் வரப்பிலிருந்து பத்து மீட்டர் உள்ளே. புதைத்தவுடன் எண்ணத் தொடங்காதீர்கள். கிளறிய மண் வாசனைக்கே முதல் இரண்டு நாள் கூட்டம் கூடும். மூடி வைத்து, மூன்றாம் நாள் திறந்து, ஐந்து நாள் விட்டு எடுங்கள். நடுவில் பாசனமோ மழையோ வந்தால் அந்தச் சுற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வைக்க வேண்டும். டீ வடிகட்டியில் வடித்து வெள்ளைத் தட்டில் பரப்பிப் பிரியுங்கள்: தரைவண்டு, ரோவ் வண்டு, சிலந்தி, எறும்பு, மற்றவை. இந்த ஐந்து போதும், இனம் கண்டுபிடிக்க மெனக்கெட வேண்டாம். எறும்பைத் தனியாக எழுதுங்கள். ஒரு பொறி எறும்புப் புற்றருகே விழுந்தால் மொத்தக் கணக்கையும் அது விழுங்கிவிடும்.

இந்தப் பொறி உண்மையில் அளப்பது எண்ணிக்கையை அல்ல, நடமாட்டத்தை. அடர்ந்த களைக்குள் வண்டு மெதுவாக நடக்கும், வெட்டவெளியில் வேகமாக ஓடும். இரை இல்லாமல் பசித்த வண்டு இன்னும் அதிகம் சுற்றும். அதனால் மூடாக்குப் போட்ட வயலில் பொறி குறைவாகக் காட்டலாம். அந்தக் குறையைச் சரிசெய்ய அடுத்த முறை.

25 செ.மீ. நீள அகலத்தில் நான்கு குச்சி அடித்து, 30 செ.மீ. ஆழம் வரை மண்ணை அப்படியே வெட்டி எடுத்து, சாக்கின் மேல் கொட்டிக் கையால் உதிர்த்துப் பொறுக்குங்கள். கிடைத்த எண்ணிக்கையைப் பதினாறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் கணக்கு. வயலுக்கு ஐந்து இடம். காலை ஒன்பது மணிக்குள் முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் எல்லாம் கீழே இறங்கிவிடும். இரண்டு வயல்களையும் ஒரே நாளில், ஒரே ஈரப்பதத்தில் எடுக்க வேண்டும். இந்த வயலுக்கு நேற்றுத் தண்ணீர், அந்த வயலுக்குப் போன வாரம் என்றால் நீங்கள் ஒப்பிடுவது தண்ணீரை.

கொலம்போலாவுக்கும் மைட்டுக்கும் புனல். இரண்டு லிட்டர் பாட்டிலின் மேற்பாதியை வெட்டிக் கவிழ்த்தால் புனல் ஆயிற்று. உள்ளே இரண்டு மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை. அதன்மேல் 5 செ.மீ. ஆழத்துக்கு வெட்டிய மண் கட்டியைத் தலைகீழாக வையுங்கள். தாங்கள் தோண்டிய துளை வழியே அவை இறங்கி வரத் தலைகீழ்தான் வசதி. கீழே சிறு புட்டியில் 70 சதவீத ஸ்பிரிட். மேலே ஒரு சாண் உயரத்தில் 25 அல்லது 40 வாட் குண்டு பல்பு. எல்இடி பல்பு வைத்துவிட்டு "ஒன்றுமே விழவில்லை" என்பவர்கள் உண்டு. அதில் சூடு வராது. மேலிருந்து காயும் மண்ணை விட்டு ஈரம் தேடிக் கீழே இறங்கி அவை புட்டியில் விழும். மூன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும். பல்பை மிகக் கிட்டே வைத்தால் இறங்குவதற்குள் உள்ளேயே வெந்துவிடும். கரிசல் மண் கட்டி செங்கல் போல இறுகும், அதை வைக்கும் முன் விரலால் மெல்லப் பிளந்து வைக்க வேண்டும்.

சாணி வண்டுக்குக் கருவியே வேண்டாம். ஊசி போடாத மாட்டின் பச்சைச் சாணம் ஒரு கிலோவை அந்தி நேரத்தில் வயலில் நான்கு இடத்தில் வையுங்கள். இரண்டு இரவு கழித்து அடியோடு எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் கரைத்தால் வண்டுகள் மேலே மிதக்கும். அடியில் மண்ணில் துளைகள் இருந்தால் சாணத்தை உருட்டாமல் கீழே இழுத்துப் புதைக்கும் வகையும் இருக்கிறது என்று பொருள். மண்ணுக்கு அதுவே பெரிய வேலைக்காரன்.

ஒரு முறை எண்ணியதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். பருவமழைக்குப் பின் ஒன்று, பயிர் மூடிய பின் ஒன்று, அறுவடைக்குப் பின் ஒன்று என வருடம் மூன்று. இயற்கைச் சான்றுக்கு ஒருவருடப் பயிர்களில் மாறுகாலம் இரண்டு ஆண்டு, பல்லாண்டுப் பயிர்களில் மூன்று. மண்ணுயிர் அந்த நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. மூடாக்குப் போட்ட சில மாதத்திலேயே கொலம்போலா ஏறும். தரைவண்டு பெருக இரண்டு மூன்று வருடம் ஆகும், அதுவும் பக்கத்தில் எங்கேயாவது உயிரோடு இருந்தால்தான்.

அந்தப் "பக்கத்தில்" என்பது நம் ஊரில் வரப்பு. பெரிய பெரிய வயல்களுக்கு நடுவே வண்டுக்கென்று இரண்டு மீட்டர் அகலத்தில் புல்மேடு போடும் பழக்கம் இங்கிலாந்தில் உண்டு. நமக்கு அரை ஏக்கருக்கு ஒரு வரப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதை வருடத்துக்கு இரண்டு முறை களைக்கொல்லி அடித்து மொட்டையாக்குகிறோம். கிளைபோசேட் வண்டை நேராகக் கொல்லாவிட்டாலும் நிழலையும் ஈரத்தையும் எடுத்துவிடுகிறது. மே மாத வெயிலில் அது போதும். ரசாயன விவசாயம்தான் செய்கிறேன், விடப் போவதில்லை என்பவர்களும் இதை மட்டும் மாற்றலாம்: வரப்பில் மருந்து வேண்டாம், அரிவாளால் ஒரு சாண் உயரத்தில் வெட்டுங்கள், அதுவும் ஒரே நாளில் எல்லா வரப்பையும் வேண்டாம். அண்டை வெட்டும்போது, அதாவது வரப்பின் பக்கத்தைச் செதுக்கும்போது, ஒரு பருவம் ஒரு பக்கம், அடுத்த பருவம் மறுபக்கம். நெல்லுக்கு வரப்பு உளுந்து விதைத்தால் அதில் சேரும் அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டும் அங்கேயே தங்கும்.

நிலக்கடலையில் வேர்ப்புழுவுக்குக் குருணைக்கு மாற்று கேட்பவர்களுக்கு: அதன் தாய் வண்டு கோடை மழை நன்றாகப் பெய்தவுடன் இருட்டும் நேரத்தில் மண்ணிலிருந்து எழுந்து வேம்பு, முருங்கை மரங்களில் தழை தின்ன உட்காரும். அந்த மூன்று நான்கு இரவுகள், ஏழு மணிக்கு மேல், மரத்தடியில் சாக்கு விரித்துக் கிளையை உலுக்கினால் கொட்டும். பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட வேண்டும். ஒரு கொல்லைக்காரர் மட்டும் செய்தால் பயன் குறைவு. வண்டு பறந்து வரும், வரப்பு அதற்குக் கணக்கில்லை. அந்தத் தெருவில் வேப்பமரம் வைத்திருக்கும் நாலு பேரையும் அன்று இரவு டார்ச்சோடு கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.